சிறுநீரகக் கட்டியில் தானாக இரத்தம் கசியுமா?

கேள்வி (கோத்தகிரி):
டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் (பல உறுப்புகளில் கட்டிகள் வளரச் செய்யும் மரபணு நோய்) உள்ள என் தங்கைக்கு இரு சிறுநீரகங்களிலும் ஆஞ்சியோமயோலிப்போமா (இரத்தக்குழாய், தசை, கொழுப்பு சேர்ந்த, புற்றுநோயல்லாத) கட்டிகள் உள்ளன. பெரியது 5 செ.மீ. புற்றுநோயல்லாத கட்டியிலும் ஆபத்து உண்டா?

பதில் 1:
உண்டு. இக்கட்டிகளின் இரத்தக்குழாய்ச் சுவர்கள் வலுவற்றவையாதலால் ஆங்காங்கே புடைக்கின்றன. கட்டி 4 செ.மீ.க்கும், புடைப்பு 5 மி.மீ.க்கும் மேற்பட்டால் வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. விலாவில் திடீர் வலி, சிறுநீரில் இரத்தம், தலைசுற்றல் என எது வந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

பதில் 2:
என் மகனுக்கு எவரோலிமஸ் மாத்திரையால் கட்டி சுருங்கியது. அதன் பக்கவிளைவான வாய்ப்புண்தான் மிகவும் படுத்தியது, பாவம். கசிவு ஏற்பட்டால், தொடை வழியே மெல்லிய குழாய் செலுத்தி, கசியும் நாளத்தை மட்டும் அடைக்கும் எம்போலைசேஷனே முதல் வழி. சிறுநீரகத்தையே எடுக்கச் சொன்னால், தயவுசெய்து இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

பதில் 3:
மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் மண் சரிவதுண்டு. ஆகவே கோவையில் எம்போலைசேஷன் வசதியுள்ள மருத்துவமனையை இப்போதே விசாரித்து, ஸ்கேன் அறிக்கையுடன் அங்கே பதிவுசெய்து வையுங்கள், அம்மா.