ஓடும்போதே பாட் வீதம் மாற்றுவது: கலைச்சொல் தேவை

அன்பு நண்பர்களே,

கிண்டியில் பாலிடெக்னிக் மாணவர்களுக்கான நுண்கட்டுப்படுத்திப் பயிற்சிக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ரிச்சி தெருவில் கிடைக்கும் நியோ-6எம் ஜிபிஎஸ் பலகை 9600 பாடில், அதாவது நொடிக்கு 9600 பிட் வீதத்தில், பேசத் தொடங்கும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை 38400-க்கு மாற்றுகிறோம். இந்தச் செயலுக்கு ‘இயக்கநேரத் தொடர்நிலைத் தகவல்தொடர்பு வேக மாற்றம்’ என்று எழுதினேன். வகுப்பில் யார் வாயிலும் நுழையவில்லை.

*

ஐயா, ‘வேகம்’ பொருந்தாது. கம்பியில் மின்குறி ஓடும் வேகம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு பிட் நிற்கும் நேரம்தான் 104 மைக்ரோநொடியிலிருந்து 26-க்குக் குறைகிறது. நிற்கும் நேரத்தை அளக்க நம்மிடம் மாத்திரை இருக்கிறதே! கண்ணிமையும் கைநொடியும் தொல்காப்பியம் தந்த அளவுகள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. அளபெடையில் அதுவும் நீள்கிறது. ‘மாத்திரை மாற்றம்’ என்றே வைக்கலாம்.

*

மாத்திரை என்றால் மாணவர்களுக்குக் காய்ச்சல் மருந்துதான் நினைவுக்கு வரும். கச்சேரியில் தாளம் நிற்காமலே சதுச்ரத்திலிருந்து (நான்கு எண்ணிக்கை) திச்ரத்துக்கு (மூன்று எண்ணிக்கை) போவதை ‘நடை மாற்றம்’ என்கிறோம். பாடுபவரும் மிருதங்கக்காரரும் ஒரே இடத்தில் மாற வேண்டும். இங்கும் ஒரு முனை மட்டும் மாறினால் வருவதெல்லாம் குப்பை எழுத்து. என் ஓட்டு நடைக்கு.

*

நடை என்பது உரைநடைக்கும் வழக்குக்கும் ஏற்கெனவே உழைக்கும் சொல், அதை விட்டுவிடுங்கள். பாட் என்பது எமில் போதோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரிலிருந்து வந்த அலகு. வாட்டையும் வோல்ட்டையும் நாம் பெயர்க்கவில்லையே? மாணவர் சில்லின் தரவேட்டில் தேடப்போவதும் ‘பாட்’ என்ற சொல்லைத்தான்.

பெயர் இல்லாமல் தவிப்பது வேறொன்று. ஏடிமெகா328பி நுண்கட்டுப்படுத்தியில், பாட் வீதத்தைக் குறித்துவைக்கும் பதிவகத்தின் கீழ்ப் பைட்டில் புது எண்ணை எழுதிய கணமே வீதம் மாறிவிடும். பாதி வழியில் இருக்கும் எழுத்து சிதையும். அனுப்பு பதிவகம் காலியானால் போதாது. பிட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்பிக்குத் தள்ளும் நகர்வுப் பதிவகத்திலிருந்து கடைசி பிட்டும் வெளியேற வேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். ‘வடியவிடல்’ எனலாமா?

*

வடியவிடல் அருமை, எடுத்துக்கொண்டேன். தலைப்புக்கு ‘ஓட்டத்தில் பாட் மாற்றம்’ என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள், அதையே அனுப்புகிறேன்.

*

அனுப்புங்கள். ஆனால் ஒரு பிட்டின் கால அளவுக்குக் கையேட்டில் இன்னும் சொல் இல்லை. மறுபதிப்பிலாவது ‘பிட் மாத்திரை’ வர வேண்டும். நான் விடுவதாக இல்லை.