புதுப்பிப்பு: டெக்சஸ் மான் வேட்டை – குத்தகை கட்டுப்படியாகாதவர்களுக்கு

டெக்சஸில் வேட்டைக் குத்தகை (தனியார் நிலத்தில் வேட்டையாட நில உரிமையாளருக்குத் தரும் பணம்) எகிறுகிறதே, வேறு வழி உண்டா என்று முன்பு தொடங்கிய இழைக்கு இது தொடர்ச்சி.

மாநிலத்தில் 95 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம். ஏக்கர் கணக்கில் குத்தகை ஏறுவதற்கு அதுவே அடிப்படை. மாற்று, 48 டாலர் ஆண்டு பொது வேட்டை அனுமதி. உரிமக் கட்டணம் தனி. சுமார் 10 லட்சம் ஏக்கர் திறந்திருக்கும், ஆனால் எல்லா இடத்திலும் ரைஃபிள் செல்லாது. வரைபடக் கையேட்டில் அந்தந்தப் பகுதியின் விதியைப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள். இந்தப் பொது நிலங்களில் மக்காச்சோளம் தூவி மானை வரவழைக்கவும் கூடாது. (குத்தகைக்காரர்கள் செய்யும் தீவனச் செலவு உங்களுக்கு அப்படியே மிச்சம்!) ஆரஞ்சுத் தொப்பி கட்டாயம். ஆரஞ்சு உடை குறைந்தது 400 சதுர அங்குலம். அதில் மார்பில் 144, முதுகில் 144.

தோட்டா விலையும் கடிக்கிறது என்றவர்களுக்கு: ஸ்கோப்பை (ரைஃபிளின் குறிபார்க்கும் தொலைநோக்கி) முதலில் 25 கஜத்தில் சரிசெய்யுங்கள். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது கோண அளவு) ஸ்கோப்பில் ஒரு கிளிக், அதாவது திருகியின் ஒரு படி, 100 கஜத்தில் கால் அங்குலம், 25 கஜத்தில் அதில் நான்கில் ஒன்றுதான். 25 கஜத்தில் குண்டு 2 அங்குலம் கீழே பட்டால் மேலே 32 கிளிக். குண்டுகள் காரணமின்றிச் சிதறினால் கிளிக்கைத் தொடாமல், ஸ்கோப் வளையத் திருகுகளைப் பாருங்கள். மூன்று சுட்டதும் குழல் ஆறட்டும். தோட்டாவின் எடையோ பிராண்டோ மாறினால் மறுபடி 100 கஜத்தில் சுட்டுப் பார்க்க வேண்டும்.