ஆங்கில மிஸ் நினைவுக் கூட்டம்: ஆளாளுக்கு உரை வேண்டாம், ஒரு காட்சி போடலாம் என்று நினைக்கிறேன். எதைப் போடுவது?

கேட்டவர்: பின்வரிசைக்காரி

உயர்நிலைப் பள்ளியில் எங்களுக்கு ஆங்கிலமும் நாடகமும் எடுத்த மிஸ் போன மாதம் தவறிவிட்டார். பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்துகிறோம். "ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசலாம்" என்று வாட்ஸாப் குழுவில் செய்தி போட்டதுதான் தாமதம், பெயர்கள் வந்து குவிந்துவிட்டன. எல்லோரும் "இன்னொரு தாய்", "தன்னை உருக்கிக்கொண்ட மெழுகுவர்த்தி" என்றுதான் பேசப் போகிறார்கள். எனக்கு இப்போதே காதில் விழுகிறது.

மிஸ் இருந்திருந்தால் பென்சிலை எடுத்திருப்பார். சிவப்பு மையில் அவர் திருத்தியதே இல்லை. கட்டுரையில் "அவர் மிகவும் அன்பானவர்" என்று எழுதினால் அடிக்க மாட்டார், ஓரத்தில் பொடி எழுத்தில் "என்ன செய்தார்?" என்று கேட்டிருப்பார். "அனைவரும் மகிழ்ந்தனர்" என்று முடித்தால் "நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?" நோட்டு திரும்பி வரும்போது மார்க்கைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரத்தைத்தான் பார்ப்போம்.

நாடக வகுப்பு இன்னும் வேறு மாதிரி. முழு நாடகப் புத்தகத்தைக் கையில் தரவே மாட்டார். அவரவர் பாத்திரத்தின் வசனம் மட்டும். அதுவும் நாமே கைப்பட எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே ஒரு கோடு, கோட்டின் கடைசியில் மூன்று சொல். அந்த மூன்று சொல் மேடையில் காதில் விழுந்தால் நம் முறை. அதை யார் சொல்வார், எப்போது சொல்வார் என்று தாளில் இருக்காது. எழுதிய தாள்களை நீளவாக்கில் ஒட்டிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொள்வோம். முதல் நாள் ஒத்திகையில் நாற்பது பிள்ளைகள் இருந்த அறையில் மூச்சுச் சத்தம் கேட்டது. நம் மூன்று சொல் எந்த வாயிலிருந்து வருமோ என்று ஒவ்வொருவரும் மற்றவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டிலேயே முழு நாடகத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஒருத்திக்கு மட்டும் பயங்கரக் கோபம். "எனக்கு எல்லோருடைய வசனமும் தெரியும் மிஸ்" என்றாள். "அதனால்தான் நீ யாரையும் கேட்கவில்லை" என்றார்.

ஒத்திகையின்போது மிஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். "சத்தமாகப் பேசு" என்று ஒரு நாளும் கத்தியதில்லை. கேட்கவில்லை என்றால் இடது கை மட்டும் உயரும். தொண்டையைக் கிழித்துக்கொண்டால் கை இறங்காது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் சொன்னால் இறங்கிவிடும்.

அதனால்தான் உரைகளுக்குப் பதிலாக ஒரு காட்சி போடலாம் என்றேன். உடனே ஒருவர் "ஜூலியஸ் சீசரில் ஆன்டனி பேசுவது! சாவு வீட்டு உரைதானே, பொருத்தமாக இருக்கும்" என்றார். பத்துப் பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள். அந்த உரை முடிந்த அடுத்த காட்சியில், உசுப்பிவிடப்பட்ட கூட்டம், சீசரைக் கொன்றவர்களில் ஒருவனுடைய பெயரும் அவன் பெயரும் ஒன்றாக இருக்கிறது என்பதற்காகச் சம்பந்தமே இல்லாத ஒரு கவிஞனைக் கொல்கிறது. இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே மிஸ்தான்!

நடிக்கத் தயாராக இருப்பவர்கள் ஆறேழு பேர். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஒத்திகைக்கு நேரம் கிடையாது. கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். முன்வரிசையில் மிஸ்ஸின் வீட்டுக்காரரும் மகளும் இருப்பார்கள். என்ன போடலாம்?

பதில்: மேடைப்பூனை

தார்ன்டன் வைல்டரின் 'அவர் டவுன்', மூன்றாம் அங்கம். 1938இல் வந்த நாடகம், செட் கிடையாது, நாற்காலிகள் போதும். இறந்துபோன எமிலி என்ற பெண் தன் பன்னிரண்டாவது பிறந்தநாளை மறுபடி பார்க்கப் போகும் இடம். கண்ணில் தண்ணீர் வராமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

பின்வரிசைக்காரி

நல்ல நாடகம்தான் பூனையாரே. எனக்கு அங்கேதான் உதைக்கிறது. எல்லோரும் எமிலிக்காக அழுவார்கள், மிஸ்ஸுக்காக அல்ல. அம்மாவை இழந்த மகளை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, எதிரே கல்லறைக் காட்சி நடத்த எனக்கு மனசு வரவில்லை. வைல்டர் இறந்தது 1975இல். பெரும்பாலான நாடுகளில் இன்னும் உரிமைக்காலம் முடியவில்லை, அனுமதி வாங்கித்தான் போட வேண்டும். அதற்கும் இப்போது நேரமில்லை.

பதில்: கோமாளிக்குல்லா

பல வருடமாக நாடகம் இயக்குகிறேன். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது சகோதரி.

உங்கள் மிஸ் செய்தது அவருடைய சொந்த வித்தை அல்ல. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகக் குழுக்கள் அப்படித்தான் வேலை செய்தன. முழுப் பிரதியைக் கையால் எழுதி எல்லா நடிகருக்கும் கொடுப்பது பெரிய வேலை. அதனால் நடிகருக்கு அவருடைய பங்கு மட்டும், முன்னால் வரும் சில சொற்களோடு. எட்வர்ட் ஆலின் என்ற பெரிய நடிகர் 1590களில் பயன்படுத்திய ஒரு சுருள் லண்டன் டல்விச் கல்லூரியில் இன்னும் இருக்கிறது. ராபர்ட் கிரீன் எழுதிய நாடகம், ஆர்லாண்டோ வேடம். அதில் கோடும் கோட்டின் முடிவில் சொற்களும் நீங்கள் சொன்னது போலவேதான். உங்கள் மிஸ் சும்மா ஆசைக்குச் செய்யவில்லை, படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்.

சரி, காட்சிக்கு வருகிறேன். ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்', அந்தக் கைத்தொழிலாளிகள். நெசவாளி, தச்சன், தையல்காரன், பாத்திரம் அடைப்பவன், துருத்தி சரிசெய்பவன் எல்லோரும் சேர்ந்து அரசன் கல்யாணத்துக்கு நாடகம் போடக் கிளம்புவார்களே, அது. ஆறு பேர். உங்களிடம் இருப்பதும் ஆறேழு. ஒத்திகை இல்லாமல் போடுவதற்கு இதைவிடத் தோதான காட்சி உலகத்திலேயே கிடையாது. அவர்களும் ஒத்திகையை ஒழுங்காக முடிக்காதவர்கள்தான்! நீங்கள் தடுமாறினால் அதுவும் பாத்திரத்தோடு சேர்ந்துவிடும்.

இரண்டு இடம் எடுங்கள். முதல் அங்கம், இரண்டாம் காட்சி. அவர்கள் நாடகத்தை நடத்தும் பீட்டர் குவின்ஸ் பெயர் கூப்பிட்டு வேடம் பிரித்து, ஆளுக்கு ஒரு வசனத்தாளைக் கையில் கொடுப்பான். மேடையில் நிஜமாகவே உங்கள் சுருள்களை அங்கேதான் கொடுக்கிறீர்கள். அதுவரை யாரிடமும் கொடுக்காதீர்கள். குவின்ஸிடம் மட்டும் முழு வசனமும் இருக்கட்டும். தாள் கைக்கு வருவதற்கு முன்னால் மற்றவர்கள் சொல்ல வேண்டியவை சொற்பம், நெசவாளி பாட்டம் ஒருவனைத் தவிர. அவனுக்கு மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள், எப்படியும் எல்லாருடைய வசனத்தையும் பேசத்தான் பார்ப்பான்.

பிறகு மூன்றாம் அங்கம், முதல் காட்சி, காட்டில் ஒத்திகை. துருத்தி சரிசெய்யும் ஃப்ளூட் தாளைப் பார்த்துத் தன் வசனத்தை மூச்சுவிடாமல் மொத்தமாக ஒப்பிப்பான், தன் முறையைக் காட்டும் எடுப்புச் சொற்களையும், அதாவது க்யூவையும், சேர்த்து. குவின்ஸ் தலையில் அடித்துக்கொண்டு "க்யூவையும் சேர்த்துப் படிக்கிறாயே" என்று திட்டுவான். உங்கள் வகுப்பில் இது நடக்காமல் இருந்திருக்காது. பழைய மாணவர்கள் அந்த இடத்தில் சிரித்தே தீருவார்கள், அது ஏன் என்று வெளியாட்களுக்கு நீங்கள் விளக்கவும் வேண்டாம். பாட்டம் மந்திரத்தால் கழுதைத் தலையோடு வந்ததும் எல்லோரும் அலறிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே நிறுத்திவிடுங்கள். மேடை தானாகக் காலியாகிவிடும், "இத்துடன் முடிந்தது" என்று மைக்கில் சொல்லத் தேவையே இல்லை.

நடுவில் வரும் தேவதைப் பகுதிகளைத் தொடாதீர்கள். பக் என்ற பூதம் எட்டிப்பார்த்துப் பேசும் வரிகளை வெட்டிவிடலாம், எதுவும் கெடாது. இரண்டும் சேர்ந்து பதினைந்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

பதில்: வெள்ளைச்சுண்ணாம்பு

நானும் ஆங்கில ஆசிரியைதான். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, கெடுக்க வரவில்லை. ஆனால் குடும்பத்திடம் கேட்டீர்களா? நமக்கு அவர் மிஸ். அவர்களுக்கு அப்படி இல்லை. துக்கம் ஆறாத வீட்டுக்காரர்கள் முன்னால் கழுதைத் தலையை மாட்டிக்கொண்டு நின்று, அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் உங்கள் ஆறு பேருக்கும் கை கால் ஓடாது. முதலில் மகளிடம் பேசுங்கள். "நாடகம் போடலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், யாராக இருந்தாலும் மரியாதைக்குச் சரி என்றுதான் சொல்வார்கள். இந்தக் காட்சி, இந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பேச விரும்புகிறவர்களை முழுக்க ஓரங்கட்டவும் வேண்டாம். சிலருக்கு அழுதுகொண்டே நான்கு வார்த்தை பேசினால்தான் பாரம் இறங்கும். மெழுகுவர்த்தி என்றே சொல்லட்டுமே, என்ன போயிற்று?

பதில்: இருட்டறைவாசி

எங்களுக்கும் ஒரு சார் இருந்தார், ஆங்கிலமும் நாடகமும். நான் மேடை ஏறியதே இல்லை. பக்கத் திரைக்குப் பின்னால் சின்ன டார்ச்சோடு முழுப் பிரதியைப் பிடித்துக்கொண்டு வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலை. எல்லோரும் கைதட்டு வாங்கிய பிறகு சார் நேராக என்னிடம் வந்து "இன்றைக்கு எத்தனை தடவை வாயைத் திறக்காமல் இருந்தாய்?" என்று கேட்பார். நடிகன் வேண்டுமென்றே நிறுத்துவதும் மறந்துபோய் நிறுத்துவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். கண்ணைப் பார் என்பார். வேண்டுமென்று நிறுத்தியவன் எதிரே இருப்பவனைப் பார்ப்பான். மறந்தவன் தரையைப் பார்ப்பான், இல்லையென்றால் மேலே விளக்கைப் பார்ப்பான். அப்போதுகூட முழு வாக்கியம் கொடுக்கக் கூடாது, முதல் சொல் மட்டும். மிச்சம் தானாக வந்துவிடும். ஆட்களைக் கவனிக்க வேண்டிய வேலையில்தான் இப்போதும் இருக்கிறேன், அந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் சோறு போடுகிறது.

கோமாளி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு சுருள் என்று போனால் முழுப் பிரதி ஓரத்தில் ஒருவரிடம் இருந்தே ஆக வேண்டும். அந்தக் காலத்துக் குழுக்களிலும் பிரதியைக் காக்க ஓர் ஆள் இருந்தார். பேசப் பெயர் கொடுத்துவிட்டு நடிக்கக் கூச்சப்படுகிறவர் யாராவது இருப்பார், அவரிடம் கொடுங்கள். படிக்கிற கண்ணாடியை மறந்துவிடாதீர்கள். நாற்பதுக்கு மேல் பொடி எழுத்துச் சுருள் ஆபத்து, பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

பின்வரிசைக்காரி

எல்லோருக்கும் நன்றி. சுண்ணாம்பு மிஸ் சொன்ன மாதிரியே மகளிடம் காட்சியை விளக்கிவிட்டுக் கேட்டேன். க்யூவைச் சேர்த்துப் படிக்கும் இடம் வந்ததும் போனிலேயே சிரித்துவிட்டாள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் யாராவது குறுக்கே பேசினால் அம்மா "உன் க்யூ இன்னும் வரவில்லை" என்பாராம். பேசுகிறவர்களுக்கு முன்பாதி, காட்சி கடைசியில் என்று முடிவாகியிருக்கிறது. ஆன்டனிக்காரர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். பாட்டம் வேடம் அவருக்குத்தான் என்றதும் சரியாகிவிட்டார்.

ஒரு புதுச் சிக்கல். மிஸ்ஸின் வீட்டுக்காரர் தானும் மேடையில் நிற்க வேண்டும் என்கிறார். சார் கணக்குப் பிள்ளை உத்தியோகத்தில் இருந்தவர், எழுபது தாண்டியவர், வாழ்நாளில் மேடை ஏறியதில்லை. வசனம் ஞாபகம் இருக்காது என்று அவரே சொல்கிறார். எந்த வேடம் கொடுப்பது?

கோமாளிக்குல்லா

ஸ்னக். தச்சன். சிங்க வேடம் அவனுக்குத்தான். அந்த முதல் காட்சியில் அவனுக்கு ஒரே இடம்தான். குவின்ஸ் பெயர் சொல்லிச் சிங்க வேடம் உனக்கு என்பான். உடனே ஸ்னக் "சிங்கத்தின் வசனம் எழுதியாகிவிட்டதா, இருந்தால் இப்போதே கொடுத்துவிடுங்கள், எனக்கு மனப்பாடம் செய்ய நேரம் பிடிக்கும்" என்று கேட்பான். வெறும் கர்ஜனைதான், தாள் வேண்டாம் என்று குவின்ஸ் சொல்லிவிடுவான். காட்டுக் காட்சியில் சும்மா உடன் நின்றால் போதும். அலறி ஓடும்போது மட்டும் யாராவது கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

பின்வரிசைக்காரி

சொன்னேன். சாருக்கு ஒரே ஒரு வருத்தம், மற்றவர்களுக்கெல்லாம் சுருள் உண்டு, தனக்கு இல்லையா என்று. வெற்றுத்தாளில் ஒன்று சுருட்டித் தருகிறோம் என்று சமாதானம் செய்திருக்கிறேன். நிஜமாகக் கர்ஜிக்கலாமா என்றும் கேட்டார். நாடகத்தில் அந்த இடத்தில் கர்ஜனை கிடையாது, பரவாயில்லை, சேர்த்துக்கொள்கிறோம்.