மணிக்கட்டில் பிளேட் (உலோகத் தகடு) வைத்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டு வேலை பார்க்கும் என் அண்ணன் மழையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. உள்ளங்கைப் பக்கம் திறந்து பிளேட் வைக்க வேண்டும், அதற்கு எலும்பின் மேல் குறுக்காகக் கிடக்கும் சின்னச் சதுரத் தசையை ஓரத்தில் வெட்டி ஒதுக்குவோம் என்றார் டாக்டர். கையைக் கவிழ்க்க உதவும் தசை அது. திரும்பத் தைப்பீர்களா என்று கேட்டால், "மெல்லிய தசை, தையல் நிற்கிற மாதிரி இருந்தால் தைப்போம்" என்கிறார்.

தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஒரு வருடத்தில் பிடிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றனவாம். சரி, ஆனால் அந்த ஆட்களெல்லாம் விடியற்காலையில் மரம் மரமாகப் போய்க் கத்தி இழுத்திருப்பார்களா?

இதே ஆபரேஷன் முடிந்து பால்வெட்டுக்கோ கொத்து வேலைக்கோ திரும்பியவர்கள் இருந்தால், தசையைத் தைத்தார்களா, கை முழுதாகத் திரும்ப எவ்வளவு நாளானது என்று சொல்லுங்கள். அப்புறம், மார்த்தாண்டம் பக்கம் நல்ல பிசியோதெரபி எங்கே?