மழை பட்டால் வலது பக்கம் செத்துவிடுகிறது: சீ.டி. 200 பிளக் வயர் மாற்ற உதவி தேவை

கொக்குவில் பொடியன்

வணக்கம் அண்ணைமார். வீட்டில் அப்பாவின் ஹொண்டா சீ.டி. 200 மோட்டார் சைக்கிள் நிற்கிறது. இப்போது நான்தான் ஓடுகிறேன். வேலை வேலணையில். காலை ஆறரைக்கெல்லாம் பண்ணைப் பாலத்தில் இருப்பேன்.

வெயில் நாளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மழை தூறினாலோ, பாலத்தில் ஈரக்காற்று அடித்தாலோ கரைச்சல் தொடங்கிவிடும். முதலில் இரண்டு மூன்று தரம் மிஸ் அடிக்கும், அப்புறம் ஒரு பக்கம் படுத்துவிடும். மற்றப் பக்கத்தின் இழுவையில் முக்கி முனகி வேலணை போய்ச் சேருவேன். இறங்கிப் பார்த்தால் இடது சைலன்சரில் கை வைக்க முடியாது, வலது சைலன்சர் சும்மா இளஞ்சூடு.

பிளக் இரண்டு தரம் மாற்றியாயிற்று. கார்பரேற்றர் கழுவியாயிற்று. பொறி அடிக்க வைக்கிற பொயின்ற், கொண்டென்சர் இரண்டும் புதுசு. இப்போது வண்டி திருத்துகிற கராச்சில் "கொயில் (பிளக்குக்கு மின் கொடுக்கிற சுருள்) பழுதாய்ப் போட்டுது, வயர் கொயிலோடு சேர்ந்து வார்த்தது, தனியாக மாற்ற ஏலாது" என்கிறார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிச் சாமான் கடைகளில் ஒரு தெரிந்தவரை விட்டுக் கேட்டேன். பழைய கொயிலுக்கே 14,000 ரூபாய் சொல்கிறார்களாம், அதுவும் வேலை செய்யும் என்ற பொறுப்பு இல்லை. வயரை மட்டும் மாற்ற உண்மையில் வழி இல்லையா?

தென்மராட்சி

கார்பரேற்றரைத் திரும்ப ஒருக்கா பாருங்கள். மழைக்குள் பெற்றோல் ராங்கி மூடியால் தண்ணீர் இறங்கியிருக்கும். என்னுடைய வண்டியிலும் இதே கதைதான்.

பழைய இரும்பு

தென்மராட்சி அண்ணை குறை நினைக்கக்கூடாது. சீ.டி. 200 க்கு இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே கார்பரேற்றர்தான். தண்ணீர் போனால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் இருமும். பொயின்றும் ஒன்று, கொண்டென்சரும் ஒன்று. அவற்றில் பிழை வந்தாலும் இரண்டு பக்கமும் படுக்கும். பிளக்கை விட்டால், தம்பி இதுவரை காசு கொட்டியது எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சாமானுக்கு. ஒரு பக்கம் மட்டும் சாகிறது என்றால் அந்தப் பக்கத்துக்கே உரிய பொருளைத்தான் பிடிக்க வேண்டும்: பிளக், பிளக் தொப்பி, வயர், மிஞ்சினால் வால்வு. மழை வந்தால் மட்டும் வால்வு பழுதாகாது.

காசு செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். இந்த எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். கொயில் ஒன்று, அதில் வால் மாதிரி இரண்டு பிளக் வயர். இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் பொறி அடிக்கும். ஒன்று அமுக்கத்தின் முடிவில் வேலைக்கு, மற்றது புகை வெளியேறும் நேரத்தில் சும்மா வீணுக்கு. அடுத்த சுற்றில் மாறி. ஆகவே வலது வயரை இடது பிளக்கிலும் இடது வயரை வலது பிளக்கிலும் போட்டால் வண்டிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. வயர் எட்டாவிட்டால் ராங்கியைத் தூக்கிவிட்டுக் கொடுங்கள்.

மாற்றிப் போட்டு, தண்ணீர் தெளித்து ஓடவிடுங்கள். பிழை இடது பக்கத்துக்கு இடம் மாறினால் வயர் அல்லது தொப்பி. வலதிலேயே நின்றால் நான் சொன்னது பிழை, வேறு இடத்தில் தேடுவோம்.

கொக்குவில் பொடியன்

நன்றி அண்ணை. இன்று பின்னேரமே செய்தேன். பூக்கண்டுக்குத் தண்ணீர் விசிறும் போத்தலால் தெளித்தேன். இரண்டே நிமிடம், இடது பக்கம் படுத்தது! வலது சைலன்சர் சுடுகிறது. மூன்று மாதமாகப் பார்க்காத காட்சி.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. இரண்டு பிளக்கும் ஒரே கொயிலில் தொடராக இருக்கிறது என்றால், ஒரு வயர் பழுதாக இரண்டு பக்கமும் அல்லவா நிற்க வேண்டும்?

பழைய இரும்பு

நல்ல கேள்வி. கராச்சில் கொயிலைக் குற்றம் சொன்னதும் இதைக் கவனியாததால்தான்.

மின் ஒரு வாலால் வந்து, ஒரு பிளக்கில் பாய்ந்து, எஞ்சின் தலைக்குள்ளால் போய், மற்றப் பிளக்கில் பாய்ந்து, மற்ற வாலால் கொயிலுக்குத் திரும்புகிறது. ஒரு வயர் நடுவில் முழுதாக அறுந்தால் நீங்கள் சொல்கிற மாதிரி இரண்டு பக்கமும் தடுமாறும். உங்களுடையது அறுந்ததல்ல, கசிவது. ஈரத்தில் அந்த வயரின் மின் பிளக்குக்குப் போகாமல் பக்கத்தில் இருக்கிற இரும்புக்குப் பாய்கிறது. பிரேமும் எஞ்சின் தலையும் ஒரே இரும்புதானே, சுற்று அதனால் முடிந்துவிடும். மற்றப் பிளக் ஒன்றும் நடக்காதது போல அடித்துக்கொண்டே இருக்கும். கொயில் செத்திருந்தால் வெயிலிலும் காட்டிக்கொடுத்திருக்கும்.

இனி எங்கே கசிகிறது என்று கண்ணால் பாருங்கள். இரவு, லைற் அணைத்த கொட்டகை. ராங்கியின் பெற்றோல் குழாயை மூடி, ராங்கியைக் கழற்றித் தூர வையுங்கள், வீட்டுக்குள் அல்ல. கார்பரேற்றரில் மிச்சம் இருக்கிற பெற்றோலில் கொஞ்ச நேரம் ஓடும், அது போதும். கீழே பெற்றோல் சிந்தியிருந்தால் அன்று செய்ய வேண்டாம். வயரைக் கையால் பிடிக்கவும் வேண்டாம், தோள்மூட்டு வரைக்கும் உதறும். வயரைக் கழற்றித் தொங்கவிட்டபடி கிக்கர் அடிப்பதும் கூடாது. பாய வழி இல்லாத மின் கொயிலுக்குள்ளேயே ஓட்டை போட்டுவிடும். பொறி பார்க்க விரும்பினால் பிளக்கை வயரில் மாட்டி, அதன் உடம்பை எஞ்சின் தலையில் முட்ட வைத்துவிட்டு உதையுங்கள்.

சிவலிங்கப்புளியடி

தம்பி, இவ்வளவு சோதனை என்னத்துக்கு? பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி வயரில் இறுக்கிச் சுற்றிவிடும். 90 களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த நேரம் நான் இதே சீ.டி. 200 ஐ மண்ணெண்ணெயில் ஓடினவன். சூப்பிப் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் எடுத்து, சூடு வந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வருகிறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவான். வயர் ஏது, பிளக் ஏது, கரி படிந்த பிளக்கை அடுப்பில் சுட்டுப் போட்ட காலம். ரியூப் சுற்றித்தான் ஓடினோம்.

பழைய இரும்பு

ஐயா, அந்தக் காலத்தில் நீங்கள் ஓடினதே அதிசயம், அதற்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ரியூப் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். கறுப்பு ரியூப்பில் கரித்தூள் கலந்திருக்கும். பற்றரி வயருக்கு அது போதும். பிளக் வயரில் ஓடுவது பல ஆயிரம் வோல்ற், அதற்குக் கரி கலந்த ரப்பர் வழி விட்டுவிடும். சுற்றச் சுற்றக் கசிவுக்கு நாங்களே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. சாதாரணக் கறுப்பு ரேப்பும் நிலைக்காது, சூட்டில் பசை கழன்று அதற்குள் ஈரம் தங்கும்.

சிவலிங்கப்புளியடி

அதுதான் மாரியில் எங்களுக்கு அடிக்கடி நின்றதோ! முப்பது வருடம் கழித்து விளங்குகிறது. கொக்குவில் தம்பி, நீர் பழைய இரும்பு சொல்கிறபடியே செய்யும்.

கொக்குவில் பொடியன்

நேற்று இரவு பார்த்தேன். தம்பியை விசிறச் சொல்லிவிட்டு நான் குனிந்து நின்றேன். முதலில் ஒன்றும் இல்லை. கண் இருட்டுக்குப் பழகின பிறகு, ராங்கிக்குக் கீழே வயர் பிரேமில் முட்டுகிற இடத்தில் நீலமாக ஒரு நூல், மயிரளவு, டிக் டிக் என்று விட்டு விட்டு. தொப்பியின் அடியிலும் இன்னொன்று. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு "கரண்ட் அடிக்கப் போகுது, விடுங்கோ" என்று சத்தம் போட்டதில் சோதனை அதோடு முடிந்தது.

காலையில் தொப்பியைத் திருகிக் கழற்றினேன். ரப்பர் உறை கைக்குள்ளேயே உதிர்ந்தது. உள்ளே இருக்கிற திருகு முழுக்கப் பச்சைக் களிம்பு. வயர் நுனியில் அரை அங்குலம் வெட்டினேன், செம்பு கறுப்பு. இன்னும் அரை அங்குலம், அப்போதும் மங்கல்தான். பிரேமில் உரசிய இடத்தில் தோல் தேய்ந்து தட்டையாக இருக்கிறது. மல்ரி மீற்றரில் இடது தொப்பி 5.1 கிலோ ஓம். வலது தொப்பியில் முள் ஒரு இடத்தில் நிற்கவில்லை, அசைத்தால் தாவுகிறது. தொப்பிகளைக் கழற்றிவிட்டு வயர் நுனிக்கு நுனி பிடித்தால் 13 கிலோ ஓம் காட்டுகிறது. கொயில் சரிதானே?

பழைய இரும்பு

கொயிலுக்கு ஒன்றும் இல்லை. 14,000 ஐச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். பண்ணை உப்புக்காற்று செம்பைத் தின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

வயர் கொயிலோடு வார்த்ததுதான், இழுத்தால் வராது. கராச்சில் சொன்னது அந்தளவில் உண்மை. ஆனால் முழுவதையும் மாற்ற யார் சொன்னது? கொயில் பக்கம் இரண்டு மூன்று அங்குலம் நல்ல வயர் இருந்தால் அங்கே வெட்டி, பிளக் வயர் இணைக்கிற குழாய் போட்டுப் புது வயரை ஒட்டலாம். குழாயின் இரண்டு பக்கமும் உள்ளே திருகு இருக்கும். வெட்டு முகம் நேராக இருக்க வேண்டும். திருகு செம்பு இழைகளின் நடுவில் இறங்க வேண்டும், தோலுக்குள் சரிந்து போகக் கூடாது. இணைப்பு ராங்கிக்குக் கீழே நனையாத இடத்தில், இரும்பில் முட்டாமல் இருக்கட்டும்.

கொயிலைக் குடைந்து வயரைப் பிடுங்கி எபொக்சி போட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு. நானும் மூன்று செய்தேன். இரண்டு பிடித்தது, ஒன்று நிரந்தரமாகக் கண்ணை மூடியது. கொயில் கிடைக்காத காலத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

வயர் வாங்கும்போது கவனம். 7 மில்லிமீற்றர், நடுவில் செம்பு இழை உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். கார் கடையில் வடிவான நிறத்தில் ஒன்று தருவார்கள், வெட்டிப் பார்த்தால் நடுவில் கரி நூல். அதில் தொப்பித் திருகு பிடிக்காது. இன்று ஓடும், நாளை மறுபடியும் இங்கே வந்து கேட்பீர்கள். தொப்பி என்.ஜி.கே. 5 கிலோ ஓம், திருகு வகை. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், இடதும் அதே வயதுதானே.

மானிப்பாய் எக்ஸ்பிரஸ்

நான் ரெசிஸ்ரர் (அந்த 5 கிலோ ஓம் மின்தடை) இல்லாத தொப்பி போட்டுத்தான் ஓடுகிறேன். பொறி பலமாக வரும்.

பழைய இரும்பு

ஓடும். பொயின்ற் வண்டிக்கு அதனால் சேதம் இல்லை. ஓடுவதிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. நீங்கள் போகும்போது பக்கத்து வீட்டு ஆச்சியின் ரேடியோ கரகரக்கும், அவ்வளவுதான்.

கொக்குவில் பொடியன்

வேலை முடிந்தது. வயர் ஒரு மீற்றர் வாங்கினேன். முதல் கடையில் கரி நூல் வயரைத்தான் தந்தார்கள். வெட்டிக் காட்டச் சொன்னதும் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். இரண்டாவது கடையில் செம்பு கிடைத்தது. கொயில் பக்கம் வெட்டினபோது உள்ளே செம்பு பளிச்சென்று மின்னியது, பார்க்கவே சந்தோஷம். முதல் தரம் திருகு சரிந்து போய்விட்டது, திரும்ப வெட்டிச் சரிசெய்தேன். முழுக்கப் பூட்டிவிட்டுத் தொப்பிக்குத் தொப்பி பார்த்தால் 23 கிலோ ஓம். 13 உம் இரண்டு 5 உம், கணக்குச் சரி. பிரேமில் உரசாமல் ஒரு பிளாஸ்டிக் கிளிப் போட்டு வயரைத் தள்ளிக் கட்டியிருக்கிறேன்.

இன்று காலை நல்ல மழை. பண்ணையில் இரண்டு பக்கமும் கடல் தெரியவில்லை. நான் நனைந்து விறைத்துப் போனேன், வண்டி ஒரு தரம் கூட இருமவில்லை. வேலணையில் இறங்கி வலது சைலன்சரில் விரல் வைத்துப் பார்த்து, சுட்டுக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் மாற்றியும் ஒரு அடிக்கு மேல் வயர் மிச்சம் இருக்கிறது. யாருக்காவது உதவுமா?

சிவலிங்கப்புளியடி

எறிந்துவிடாதேயும். என்னிடம் எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் ஒன்று ரியூப் சுற்றினபடி இன்னும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாறன்.