சிர்ஃபிட் ஈ புழுவின் வாயமைப்பு: நுண்ணோக்கிப் பழக்கமுள்ளவர்களின் உதவி தேவை

வணக்கம். நார்சிசஸ் பூச்செடியின் கிழங்கைக் குடைந்து தின்னும் மெரோடான் எக்வெஸ்ட்ரிஸ் என்ற சிர்ஃபிட் ஈயின் (பூக்களருகே அந்தரத்தில் நின்று பறக்கும் ஈ வகை) மூன்றாம் பருவப் புழுவை வரைந்து வருகிறேன். உடலின் பின்முனையில் இரு சுவாசக் குழல்களும் ஒன்றிணைந்து, கெட்டியான பழுப்புநிறக் குட்டைக் குழாயாக நீண்டிருப்பது தெளிவாகவே தெரிகிறது, சிக்கல் வாய்ப்பகுதியில்தான். அழுகலை வடிகட்டி உண்ணும் சிர்ஃபிட் புழுக்களின் தொண்டைத் தளத்தில் நீளவாட்டில் வரிமேடுகள் இருக்கும், வாய்க்கொக்கிகளோ சிறுத்திருக்கும். தாவரத் திசுவைச் சுரண்டித் தின்பவற்றில் கொக்கிகள் கறுத்து வலுத்திருக்கும். என் மாதிரியில் கொக்கிகள் நன்றாக உள்ளன, ஆனால் உள்ளே தெரியும் கோடுகள் வரிமேடுகளா, வெறும் தசைநார்களா என்பது பிடிபடவில்லை. ஈ வெளியேறிய கூட்டின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் தலைச் சட்டகத்தை (புழுவின் வாய், தொண்டைப் பகுதிகளின் கெட்டியான கூடு) உடையாமல் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தெளியவைத்துப் பார்த்தவர்கள், கரைசலின் அடர்த்தியையும் ஊறவைத்த நேரத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன். ஒப்பிடுவதற்கு, கிழங்குகளில் வாழும் மற்றொரு சிர்ஃபிட் ஈ இனமான யூமெரஸின் புழுவின் படம் கிடைத்தால் மிகவும் நல்லது.