மாத்திரையின் இரண்டு பாதிகள்

முனிர்க்கா உறுப்பினர்:

குடல் அழற்சிக்கு மாத்திரை சாப்பிடுகிற ஆண் ஒருவராவது படிக்கட்டும் என்று எழுதுகிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது.

26 வயதில் எனக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய், என்று தெரிந்தது. ரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை போகும். முழங்கால் வலியும் இருந்ததால் சல்ஃபாசலசின் எழுதிக் கொடுத்தார்கள். விலை குறைவு, நன்றாகவும் கேட்டது. வருடக்கணக்கில் விடாமல் சாப்பிட்டேன். நடுவில் கல்யாணமும் ஆனது.

குழந்தை உண்டாகவில்லை. அம்மா ஊரிலிருந்து போன் செய்தால் என் மனைவியிடம்தான் கேட்பார், "இந்த மாசமாவது விசேஷம் உண்டா?" அவள் சஷ்டி தவறாமல் விரதம் இருந்து டெல்லி மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்வந்தாள். ஸ்கேன், ஊசி எல்லாம் அவளுக்கே. ஒன்றரை வருடம் கழித்துத்தான் என்னையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு என்று வந்தது. அவ்வளவு நாளும் அவள் தனியாகப் பட்டதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம் வேறொரு குடல் மருத்துவரிடம் போனோம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தவர், "இதைப் பற்றி யாரும் சொல்லலையா?" என்றார். ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்தார். ஒரு வட்டம் மருந்தின் ஒரு பாதியான சல்ஃபாபிரிடின், இன்னொன்று மறு பாதியான 5-அமினோசாலிசிலிக் அமிலம். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அந்தக் கோட்டை வெட்டுகின்றன.

ஸ்வீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய மருந்து இது. குடல் புண்ணும் இதில் ஆறுகிறது என்று கண்டவரும் அவர்தான். 1940-களிலிருந்து கொடுத்துவருகிறார்கள். ஆனால் எந்தப் பாதி வேலை செய்கிறது என்பது பல வருடம் தெளிவாகவில்லை. வங்காளதேசத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருந்த ஏ.கே. ஆசாத் கான், சிட்னி ட்ரூலவ் என்ற மருத்துவருடன் சேர்ந்து அதைச் சோதித்தார். பாதிகளைத் தனித்தனியே விழுங்கினால் பெருங்குடலை எட்டுவதற்குள் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அதனால் முழு மருந்தையும் ஒவ்வொரு பாதியையும் தனித்தனி எனிமாவாக நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். முழு மருந்தும் சாலிசிலிக் பாதியும் ஒரே அளவுக்குக் கேட்டன. சல்ஃபா பாதி அந்த அளவுக்கு இல்லை. 1977-இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளிவந்தது. தலைவலி, குமட்டல், என்னைப் போன்றவர்களுக்கு வந்த இந்தக் குறை, பெரும்பாலும் சல்ஃபா பாதியால் வருபவை. வேலை செய்கிற பாதியை மட்டும் எடுத்துச் செய்ததுதான் மெசலமின்.

எனக்கு அதற்கு மாற்றினார்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும், பொறுங்கள் என்றார் மருத்துவர். மூன்றாம் மாதப் பரிசோதனையில் எண்ணிக்கை ஏறியிருந்தது. அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் செய்து, "குறை அவகிட்ட இல்லம்மா, என் மாத்திரையில" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "போனை அவகிட்ட குடு" என்றார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது மகளுக்கு நான்கு வயது.

மயூர் விஹார் உறுப்பினர்:

நான் மூட்டுவலிக்கு இதே சல்ஃபாசலசின்தான் சாப்பிடுகிறேன். கர்ப்பமாக இருந்தபோதும் நிறுத்தவில்லை. இது ஃபோலிக் அமிலம் உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்று அந்த மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். பெண்கள் பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

கரோல் பாக் உறுப்பினர்:

அண்ணா, என் தம்பிக்கு எனிமா எழுதிக் கொடுத்து ஒரு மாதமாகிறது. வெட்கப்பட்டு ஃபிரிட்ஜ் மேலேயே வைத்திருக்கிறான். நீங்கள் எழுதியதை அவனுக்கு அனுப்பிவிட்டேன். அவனும் இந்த சல்ஃபாசலசின் சாப்பிடுகிறான், நிறுத்தச் சொல்லலாமா?

முனிர்க்கா உறுப்பினர்:

தானாக நிறுத்தவே கூடாதும்மா, நோய் திரும்பிவிடும். கல்யாணப் பேச்சு இருந்தால் டாக்டரிடம் சொல்லட்டும், அவர் பார்த்து மாற்றுவார். எனிமாவை ராத்திரி படுக்கும்போது இடது பக்கம் ஒருக்களித்துப் போட்டுக்கொள்ளச் சொல்லு. முதல் இரண்டு மூன்று நாள்தான் கஷ்டம். அவனுக்கு என்னிடம் பேச வேண்டும் என்றால் தாராளமாகப் பேசட்டும்.